இருப்பு

மாதம் பதினைந்து பிறந்தால்
கொளகூர் மாரியம்மன் கோயில் பின்பாறைதான் என் வங்கி.
அங்கே மட்டும்தான் இரண்டு கோடு சிக்னல்.
துண்டை விரித்துக் கைரேகை மிஷினை வைப்பேன்.
பனி இறங்கினால் குடை அதற்கு.
எனக்கில்லை.

ஆயிரம் எடுத்துக் கொடுத்தால் சில ரூபாய் கமிஷன்.
எனக்கு அந்த ஆயிரம் வராது.
செத்துப்போன மாமனார் பெயரில்
இன்னும் ஓடுகிறதாம் ஒரு டிராக்டர்.
மனுவும் கையுமாக மூன்று முறை
சேலம் இறங்கி ஏறினேன்.
அதை விடுங்கள்.

விரல்தான் முதல் சிக்கல்.
காப்பிப் பழம் பறித்த விரல், மிளகு உருவிய விரல்,
சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல்.
மிஷின் சிவப்பாய் முழிக்கும்: பொருந்தவில்லை.
தலைமுடியில் தேய்ப்பார்கள், எண்ணெய்ப் பசைக்கு.
முந்தானையில் துடைப்பார்கள்.
கட்டைவிரல் கைவிட்டால் மோதிரவிரல்.
அதிகம் உழைத்தவளுக்குத்தான்
அதிக நேரம் ஆகிறது
தான் தான்தான் என்று காட்ட.

ஆயிரத்தில் என்ன ஆகிவிடும் என்று
கீழே பேசிக்கொள்கிறார்கள். இருக்கலாம்.
பூங்காவனம் மகனுக்குக் கண்ணாடி வாங்கினாள்.
போர்டில் இருப்பதை இத்தனை நாளும்
பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன் அவன்.
வெள்ளையம்மா ஒன்றும் வாங்கவில்லை.
குழுக்கடன் தவணைக்கு வாசலில் நிற்கும் பையனை
ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை
உட்காரச் சொல்லாமல் அனுப்பினாள்.
சின்னத்தாயோடு சடையனும் வந்து நின்றால்
அவள் என்னைப் பார்ப்பாள்,
நான் மிஷினைப் பார்ப்பேன்.
"சர்வர் இல்லீங்க, நாளைக்கு வாங்க."
என்னால் சர்வருக்குக் கெட்ட பேர்.

தீர்த்தாயி மட்டும் எடுப்பதே இல்லை.
வரிசையில் கடைசி ஆள். விரலை வைப்பாள்.
"இருக்குதா?"
"இருக்கு."
தொகையைச் சொல்ல வாயெடுத்தால் கையமர்த்துவாள்.
சீட்டை எட்டாய் மடித்துச் சுருக்குப்பையில் போட்டு
சில்வர் ஓக் மரங்களுக்குள் போய்விடுவாள்.
இடையில் ஒரு மாதம் வங்கி பிடித்துக்கொண்டது
பதினேழு ரூபாய் எழுபது காசு,
குறுஞ்செய்திக் கட்டணம் என்று.
அவளிடம் போனே கிடையாது.
சொன்னேன்.
"கணக்குல வெச்சுக்க" என்றாள்,
யார் கணக்கில் என்று சொல்லவில்லை.

ஆனியில் தொடங்கியது இது.
பங்குனி பிறந்த அன்று, மிளகுக் காரம் மாறாத கையோடு,
"மொத்தமும் எடு" என்றாள்.
அன்று பார்த்து ஒன்பது விரலும் மறுத்தன.
பத்தாவது, இடது சுண்டுவிரல், ஒத்துக்கொண்டது.
எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
எண்ணவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு
மேஸ்திரி அய்யாவு வீட்டுக்கு நடந்தாள்.

மகள் பிரசவத்துக்கு வாங்கிய முன்பணம்.
ஐந்து பறிப்புக் காலம் கழித்தும் கழியாமல்
அவன் நோட்டில் எட்டாயிரத்து ஐந்நூறாய்க் கிடந்தது.
அவன் எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினானாம்.
பேனா எடுத்து அடிக்கப் போனவனை
"அடிக்க வேண்டாம், கிழி" என்றாளாம்.
கிழித்தான்.
மீதி நானூறை என்ன செய்தாள் என்று
நான் கேட்கவில்லை. மிஷினே கேட்பதில்லை.

மறுநாள் அதே எஸ்டேட்டுக்குத்தான் போனாள்.
வேறெங்கே போவாள்?
கூடையைத் தொடுமுன் மட்டும் கேட்டாளாம்:
"இன்னிக்குக் கூலி எவ்வளவு?"
அய்யாவு இருமிக்கொண்டே இருந்தானாம் கொஞ்ச நேரம்.
பின்னால் நின்ற பெண்கள் யாரும்
கூடையைத் தொடவில்லை.

அடுத்த பதினைந்து. மழை வரும்போல் இருந்தது.
வரிசையில் கடைசி ஆள்.
விரலை வைத்தாள்.
சிவப்பு. மறுபடி சிவப்பு.
நான் துடைக்கிறேன், தட்டுகிறேன், பாறைமேல் ஏறி
சிக்னல் தேடுகிறேன்.
அவள் என் குடையைப் பிரித்து
மிஷினுக்குப் பிடிக்காமல்
எனக்குப் பிடித்தாள்.
"மெதுவாப் பாரு," என்றாள்,
"நான் இருக்கேன்."